வேர்வை காயாத ஊரில் 32 கிலோமீட்டர்

கடந்த ஞாயிறு 32 கிலோமீட்டர் ஓடுவதாகத் திட்டம். 26-ல் நின்றுவிட்டேன். மிச்ச ஆறு கிலோமீட்டரும் கணவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன், காலணி இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே. அன்று மழை இல்லை. அத்தனையும் என் வேர்வைதான்.

டிசம்பரில் பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தான் ஓடப் போகிறேன். 42.195 கிலோமீட்டர், என் வாழ்க்கையில் முதல் தடவை. வயது 41. ஓட ஆரம்பித்து மூன்று வருடமாகிறது, அதற்கு முன் பள்ளி விளையாட்டுப் போட்டியில்கூட நான் ஓடியதில்லை. இந்த 32 தான் பயிற்சியிலேயே மிக நீண்ட ஓட்டம், இதை முடித்துவிட்டால் பாலம் கையில் வந்த மாதிரி என்று நான்கு மாதமாக மனதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் அங்கே நின்றபோது அப்படி அழுகை வந்தது. ஆனால் அழுததைவிட முக்கியமான ஒன்றை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இப்போது நிறைய பெண்கள் ஓட வருகிறார்கள். அவர்களில் யாராவது படித்தால் நல்லது.

முதல்நாள் இரவு அம்மா வந்திருந்தார். அம்மா பிறைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அரிசிக் கஞ்சி வைத்து, உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்குக் கெளம்புற?" என்றார்.

"நாலரைக்கு."

"எத்தனை மணிக்கு முடியும்?"

"எட்டரை ஆகும்மா."

"எட்டரையா? நேரம் கழிச்சிப் போற" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாலரை மணி என்பது ஊரே தூங்கும் நேரம், இதைவிட வெள்ளென எப்படி எழுந்து போவது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன்.

குயின்ஸ்பே கடலோரத்தில் நானும் அக்காவும் சந்தித்தோம். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, ஜெலுத்தோங்கில் இருப்பவர், 52 வயது, ஐந்து முழு மாரத்தான் முடித்தவர். வழி எளிது. கடலை ஒட்டியே வடக்கே போய், பாலத்தின் அடியில் நுழைந்து, துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலைப் பக்கமாக ஜெலுத்தோங், கர்ப்பால் சிங் டிரைவ், வெல்ட் கீ, படகுத்துறை, கார்ன்வாலிஸ் கோட்டை, எஸ்பிளனேட், அப்புறம் கர்னி டிரைவ் முடியும் இடம். அங்கே திரும்பி அதே வழியில் வந்தால் 32.

கிளம்பும்போது கைப்பேசியில் பார்த்தேன். 26 டிகிரி. காற்றில் ஈரப்பதம் 94 விழுக்காடு. முந்தின இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது, காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. 26 டிகிரி என்றால் நமக்குக் குளிர்ச்சிதானே என்று நினைத்தேன். அக்கா மட்டும், "இன்னைக்குக் கனமா இருக்கு, மெதுவாப் போவோம்" என்றார். என் திட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 15 விநாடி என்று எழுதியிருந்தது. இணையத்தில் கிடைத்த 18 வாரத் திட்டம் அது. எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, காலையில் கையுறை மாட்டிக்கொண்டு ஓடுவது பற்றியெல்லாம் அதில் இருக்கிறது. நான் அந்த எண்ணை விடவில்லை.

முதல் பத்து கிலோமீட்டர் மிக நன்றாகவே போனது. எதிரே இருட்டில் ஜெரஜாக் தீவு. அந்தத் தீவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு எண்ணம் வரும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று அங்கேதான் இறக்கித் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள், அதில் நம்மவர்கள் எத்தனை பேர், அவர்கள் அங்கிருந்து இந்தக் கரையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று. பாலத்தின் விளக்குகள் கடலுக்குள் நீண்டு போய் மறைந்தன. 1985-ல் திறந்த பாலம், மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் தண்ணீருக்கு மேல். டிசம்பரில் அதன் மேல் என் காலால் ஓடப் போகிறேன் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு விம்மும். சின்ன வயதில் அப்பாவின் மோட்டாரில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது காற்று தள்ளிவிடுமோ என்று அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

வெல்ட் கீ வரும்போதே சட்டையில் காய்ந்த இடம் ஒன்றும் இல்லை. கர்னி டிரைவில் காலணிக்குள் சொதசொதவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேலிருந்து வடிந்த வேர்வை முழங்கால், கணுக்கால் வழியாக இறங்கிக் காலுறையை நிரப்பிவிட்டது. உள்ளாடைப் பட்டி உரசும் இடத்தில் வாசலின் தடவியிருந்தும் எரிச்சல். கண்ணில் உப்பு. 16-வது கிலோமீட்டரில் திரும்பும்போது, இவ்வளவு வேர்க்கிறதே, உடம்பு நன்றாகக் குளிரத்தானே செய்யும் என்று நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

என் தவறு சரியாக இந்த இடத்தில்தான். வேர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. அந்த வேர்வை காய்ந்தால்தான் குளிரும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை. ஓடும்போது ஒருவர் செலவழிப்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி. நான் 58 கிலோ. ஒரு மணி நேரத்தில் எட்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடினால் 480 கலோரி போகிறது. இதில் காலை நகர்த்தப் பயன்படுவது கால் பங்கு. மிச்சம் முக்கால் பங்கு, அதாவது 360 கலோரி, உடம்புக்குள் வெப்பமாகத் தங்குகிறது. அதை வெளியே தள்ள வேண்டும். ஒரு லிட்டர் வேர்வை தோலின் மேலிருந்து முழுதாக ஆவியானால் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்படியென்றால் மணிக்கு முக்கால் லிட்டர்கூட எனக்குத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்த்தும் எனக்குச் சூடு இறங்கவில்லை. ஏனென்றால் காற்றில் ஏற்கனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது, என் வேர்வையை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. தோலில் நின்று காய வேண்டிய தண்ணீர் சொட்டாகத் தரையில் விழுந்துவிட்டது. தரையில் விழுந்த வேர்வை ஒரு கலோரியைக்கூட எடுத்துக்கொண்டு போகாது. உடம்பிலிருந்து நீரும் போனது, உப்பும் போனது, வெப்பம் மட்டும் போகவில்லை.

அதனால்தான் இப்போது நான் ஈரப்பத விழுக்காட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், பனிநிலையைப் பார்க்கிறேன். எந்த வெப்பநிலை வரை காற்று குளிர்ந்தால் அதிலிருக்கும் நீர் பனியாகப் படியத் தொடங்குமோ அதுதான் பனிநிலை, வானிலைச் செயலிகள் பலவற்றில் இருக்கிறது. ஈரப்பத விழுக்காடு ஆளை ஏமாற்றிவிடும். வெயில் ஏற ஏற அந்த எண் 94-லிருந்து 80, 70 என்று இறங்கும், அடடா காற்று உலர்கிறதே என்று நினைப்போம். உண்மையில் காற்றிலிருக்கும் தண்ணீர் பெரிதாகக் குறைந்திருக்காது, காற்று சூடானதால் விழுக்காடு மட்டும் இறங்கியிருக்கும். அன்றைக்குப் பனிநிலை 25. நம் ஊரில் வருடம் முழுக்க 23, 24, 25 என்றுதான் நிற்கிறது. உலகத்தில் வேகமான மாரத்தான்கள் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் ஓடப்படுகின்றன. அந்தக் குளிரில் ஓடுகிறவர்களுக்காக எழுதிய வேக அட்டவணையை நாம் 25 பனிநிலையில் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. எத்தனையோ பேர் "எனக்கு ஓட்டம் வராது" என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கைக்கடிகாரம் எல்லாவற்றையும் எனக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் இதயத் துடிப்பு 150. எஸ்பிளனேடுக்குத் திரும்பி வந்தபோது 163. வெல்ட் கீயில், அதுவும் வேகம் கொஞ்சம் குறைந்த பிறகு, 171. பழகிய வேகம்தான், ஆனால் உடம்பு செய்கிற வேலை வேறு. ரத்தத்தில் ஒரு பங்கு காலுக்குப் போக வேண்டும், இன்னொரு பங்கு தோலுக்குப் போய்ச் சூட்டை வெளியேற்ற வேண்டும், அதே நேரத்தில் வேர்வையால் ரத்தத்திலிருக்கும் நீரும் குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்ட அது வேகமாக அடிக்கிறது. அக்கா இரண்டு தடவை "மெதுவாப் போலாம்மா" என்றார். "பரவால்லக்கா, போய்டலாம்" என்றேன்.

ஏழு மணியைத் தாண்டியதும் சூரியன் வந்தது. நம் நாட்டில் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1982-ல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள், அதனால் ஏழு மணிக்கும் இங்கே இருட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், உச்சிவெயில் ஒரு மணிக்குமேல்தான். நேரம் இருக்கிறது என்று நம்ப வைத்துவிடும் அது. ஆனால் ஜெலுத்தோங் கரை கிழக்கைப் பார்த்த கரை. தெற்கே திரும்பி ஓடினால் பிறைப் பக்கத்திலிருந்து எழும் சூரியன் இடது கன்னத்தில் நேராக அடிக்கும், மறைக்க ஒரு மரம் கிடையாது, தண்ணீரிலிருந்தும் ஒளி திரும்பி வரும். வெப்பநிலை ஒரு டிகிரிதான் ஏறியிருக்கும். எனக்கு அடுப்பு வாயில் நிற்பது போல் இருந்தது.

கர்ப்பால் சிங் டிரைவைத் தாண்டிய பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அறிகுறிகள் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றிருப்பேன். முதலில் பேச்சு நின்றது. அக்கா ஏதாவது கேட்டால் பதில் சொல்வது பெரிய வேலையாகத் தெரிந்தது. அப்புறம் காலடி சின்னதாகிவிட்டது, நடைபாதையில் ஓடு பதித்த இடத்தில் இரண்டு தடவை கால் தட்டியது. வயிறு குமட்டியது, 100பிளஸ் பானப் போத்தலை வாயருகே கொண்டுபோனாலே பிடிக்கவில்லை. அதன் பிறகு வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. இரண்டு கையிலும் முடி சிலிர்த்து நின்றது. ஒரு விநாடி, அட, குளிர்காற்று வீசுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். காற்று வீசவில்லை.

அக்கா என் கையைப் பார்த்தார். தோளைப் பிடித்து நிறுத்தி, "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். வாய்க்கு வர நேரமாயிற்று. யோசித்து, தப்பாக ஒன்று சொல்லி, பிறகு திருத்தினேன்.

"போதும். உக்காரு."

"இன்னும் ஆறுதான்க்கா."

"ஆறு இல்ல, அரைகூட கெடையாது. உக்காரும்மா."

அக்கா அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. ஒரு சிறிய தூணின் நிழல் இருந்தது, அதில் உட்கார்ந்தேன். அக்கா தன்னிடம் மிச்சமிருந்த தண்ணீரை என் தலையிலும் பிடரியிலும் ஊற்றிவிட்டு என் கணவருக்கு அழைத்தார். அவர் பாலத்துக்கு அருகில் எங்களுக்காகக் காத்திருந்தார், ஐஸ் பொட்டலம் இரண்டை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கழுத்தின் இரண்டு பக்கம், அக்குள், தொப்பிக்குள் என்று ஐஸ் வைத்தார்கள். துண்டை நனைத்து விசிறினார்கள். பத்து நிமிடத்தில் சிலிர்ப்பு நின்றது. அரை மணியில் தெளிவாகப் பேசினேன். கணவர் ஒன்றுமே பேசவில்லை, என் காலணிக் கயிற்றை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவர் கை நடுங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கு வந்தது வெப்பச் சோர்வு, அதுவும் எல்லை தாண்டுவதற்குச் சற்று முன். அடுத்த படி வெப்பத்தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் யாரென்று தெரியாமல் போகிற நிலை. அதில் உயிர் போகும். ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூட ஓடுபவர் குழம்பிப் பேசினால், தள்ளாடினால், 999-க்கு அழையுங்கள், ஆனால் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நிமிடமே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குவதுதான் சிறந்த வழி, அது இல்லையென்றால் கிடைக்கிற தண்ணீர், கிடைக்கிற ஐஸ், கடைக்காரரின் குளிர்பெட்டி, எதுவானாலும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. உள்ளே எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆள் பிழைப்பதும் பிழைக்காததும். வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். ஓடும்போது வருகிற வெப்பத்தாக்கில் ஆள் தெப்பமாக வேர்த்துக்கொண்டும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஈர உடையைக் கழற்றித் துடைத்துவிட்டு எடை பார்த்தேன். கிளம்பும்போது 58.4. வந்தபோது 56.3. வழியில் குடித்தது 1.6 லிட்டர். ஒரு கிலோ எடை குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கொள்ளலாம், ஆக 3.7 லிட்டர் வேர்த்திருக்கிறேன், மூன்றேகால் மணி நேரத்தில். மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள், கைக்கணக்கிலேயே வகுத்துப் பார்த்து "மணிக்கு 1.1 லிட்டர்மா" என்றாள். கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள், கடற்கரையில் அலை வந்து போன தடம் மாதிரி. நீளமாக ஓடுகிற எல்லோரும் ஒரு தடவையாவது இப்படி முன்னும் பின்னும் எடை பார்த்துவிட வேண்டும். இன்னொருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை வைத்து நாம் குடிக்க முடியாது, ஆளுக்கு ஆள் வேர்ப்பது அவ்வளவு வேறுபடும்.

அதற்காகப் போன நீர் முழுதையும் ஓடும்போதே குடித்துத் தீர்த்துவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும், அதுவும் உயிருக்கு ஆபத்து. 2002 போஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு ஓட்டம் முடிந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. வழியிலேயே எடை கூடியவர்கள், அதாவது வேர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டியவர்கள். மெதுவாக ஓடி நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல். அக்கா எப்போதும் இடுப்புப் பையில் அசாம் போய் வைத்திருப்பார், உப்பும் புளிப்புமாக அந்த உலர்ந்த பழம் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடுவார். இனி நானும் அதைத்தான் செய்யப் போகிறேன், அதனுடன் உப்புச்சர்க்கரைக் கரைசல் ஒரு பொட்டலமும்.

அன்று மாலை தூக்கம் வரவில்லை. கத்தாரின் தோகா நினைவுக்கு வந்தது. 2019-ல் உலகத் தடகளப் போட்டி அங்கே நடந்தபோது பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன் தொடங்கினார்கள். நடுராத்திரியிலும் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர், உலகத்திலேயே சிறந்தவர்கள். 28 பேரால் முடிக்க முடியவில்லை. வென்றவரே 2 மணி 32 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார், அவருடைய சொந்த நேரத்தைவிட எவ்வளவோ மெதுவாக. அதாவது வென்றவரும் மெதுவாகத்தான் ஓடினார். அதன் பிறகுதான் தோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை எண்ணூறு கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் வெயில் துரத்தி வந்தது, 2021-ல் பெண்கள் ஓட்டத்தை முந்தின இரவில் முடிவெடுத்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள்.

என் உடம்பிலும் ஒரு காரணம் இருந்தது. நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை பார்க்கிறேன். உள்ளே ஆண்டு முழுக்கக் குளிர், தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு. காடியில் (காரில்) குளிரூட்டி, வீட்டுப் படுக்கையறையில் குளிரூட்டி. வெயில் ஊரில் பிறந்தவள் என்று பெயர்தான், என் உடம்பு ஒரு நாளில் வெயிலைப் பார்ப்பது அரை மணிகூட இல்லை. சூட்டுக்கு உடம்பு பழக வேண்டுமென்றால் பத்திலிருந்து பதினான்கு நாள் தொடர்ந்து சூட்டில் வேலை செய்ய வேண்டும், அப்போதுதான் ரத்தத்தின் நீர் அளவு கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், வேர்வையில் போகும் உப்பு குறையும். விட்டுவிட்டால் சில வாரத்தில் அந்தப் பழக்கமும் போய்விடும். முந்தின வாரம் முழுக்க எனக்கு இரவு வேலை, ஓடியது ஒரே ஒரு நாள், அதுவும் உடற்பயிற்சிக் கூடத்தின் இயந்திரத்தில். தூக்கமும் சரியில்லை. அந்த நிலையில் 32-ஐ அந்த வேகத்தில் தொடங்கியது தப்பு.

திங்கட்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோட்டத்துக் கதையை எடுத்தார். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்பது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே முதல் மரத்தில் கத்தி வைப்பது. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் மரம் பாலை இழுத்துக்கொள்ளும். "மரத்துக்கே வெயில் ஏறுனா நின்னுடும். மரத்துக்குத் தெரியுது" என்றார். பத்து மணிக்குள் வெட்டி முடித்து, பாலை எடுத்துத் தோளில் சுமந்து நிறுக்கப் போவார்கள். தலையில் நனைத்த துண்டு. உப்புப் போட்ட கஞ்சி. யாராவது ஒருத்தி பேசாமல் போனால் மற்றவர்கள் அவளை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவளுடைய வரிசை மரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்களாம். பேச்சு நிற்பதுதான் முதல் அறிகுறி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது, இருபது வருடம் இதை உடம்பால் தெரிந்துவைத்திருந்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்க, நான் எங்கிருந்தோ வந்த அட்டவணையை நம்பினேனே என்று மனது மிகவும் சங்கடப்பட்டது.

பாலத்து மாரத்தானை ஏன் நடுராத்திரியில் தொடங்குகிறார்கள் என்பது இப்போது எனக்கு முழுதாகப் புரிகிறது. முன்பு அதைத் தூக்கம் கெடும் தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே வழியில் ஓடப் போகிறோம், 28 கிலோமீட்டர். இந்தத் தடவை கடிகாரத்தில் வேகம் காட்டும் பக்கத்தை எடுத்துவிட்டேன். இதயத் துடிப்பு 150-ஐத் தாண்டினால் நடை, 145-க்கு இறங்கினால் மறுபடி ஓட்டம், கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஆனாலும் எட்டரை ஆனாலும் சரி. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை கணவர் ஐஸோடு நிற்பார். ஏழு மணிக்கு நாங்கள் எங்கே இருக்கிறோமோ அங்கேயே முடித்துக்கொள்வது என்று அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். இந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் தினமும் மாலை ஐந்தரைக்குப் பல்கலைக்கழகப் பக்கம் நாற்பது நிமிடம் மெதுவாக ஓடுகிறேன், வெயிலுக்காகவே. நேற்று மூன்றாவது நாள். வேர்வை கொஞ்சம் சீக்கிரமே தொடங்கியது போல் இருந்தது.

அம்மா சனிக்கிழமை வருகிறார். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று தொலைபேசியில் கேட்டார். மூன்று மணி என்றேன்.

"ம். அப்போ ரெண்டுக்குக் கஞ்சி வச்சிடறேன்" என்றார்.